ஸ்பீக்கரில் என் பெயர்

கொஞ்சம் நீளமான பதிவு நட்புகளே. நேரம் இருப்பவர்கள் மட்டும் படியுங்கள்.

போன வாரம் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை புதிதாக ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்திருந்தார். கையடக்கமான கறுப்புப் பெட்டி. விலையைக் கேட்டதும் எனக்கு என் முதல் ஆண்டுச் சம்பளம் மொத்தமும் ஞாபகம் வந்தது. பேத்தி இரண்டாம் வகுப்பு. ஆங்கில எழுத்துகளைக் கண்ட இடத்திலெல்லாம் கூட்டிப் படிக்கும் வயது. பெட்டியின் முகப்பைப் படித்துவிட்டு ஓடிவந்தாள்.

"தாத்தா, இதுல உங்க பேரு போட்டிருக்கு!"

போஸ் என்றுதான் போட்டிருந்தது.

என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், என் முழுப்பெயர் சந்திரபோஸ். பள்ளியில் போஸ் சார், ஊரில் போஸ் வாத்தியார். முப்பத்தைந்து வருடம் இடைநிலை ஆசிரியராக வேலை பார்த்துவிட்டு 2018இல் ஓய்வு பெற்றேன். அந்த முப்பத்தைந்து வருடமும் வகுப்புக்கு வகுப்பு ஒரே கேள்வி வந்துகொண்டே இருக்கும். சமூக அறிவியல் புத்தகத்தில் சுபாஷ் சந்திரபோஸ் வருவார். அறிவியல் பாடத்தில் தாவரங்களைப் பற்றிப் பேசும்போது ஜெகதீஷ் சந்திரபோஸ் வருவார். எதிரே கரும்பலகை பக்கத்தில் நான் ஒரு சந்திரபோஸ் சாக்பீஸோடு நிற்பேன். எவனாவது ஒருவன் எழுந்து, "சார், அவுங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா? நீங்க அவுங்களுக்கு என்ன வேணும்?" என்பான். வகுப்பே சிரிக்கும்.

அவன் கேட்டதில் தப்பில்லை. நம் ஊரில் நமக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, அப்புறம் நம் பெயர், அவ்வளவுதான். அதனால் வடக்கே குடும்பப் பெயராக இருப்பதை நாம் ஆள் பெயராக எடுத்துக்கொண்டோம். என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒரு வருடம் காந்தி, நேரு, போஸ் மூன்று பேருமே இருந்தார்கள். நேரு அடிக்கடி லீவு போடுவான். காந்தி சண்டைக்காரன். சந்திரபோஸ் என்ற பெயர் அதைவிட வேடிக்கை. சுபாஷ் என்பது அவர் பெயர், போஸ் என்பது குடும்பப் பெயர், நடுவில் உள்ள சந்திர என்பது சுபாஷோடு சேர்ந்தது. நம்மவர்கள் முன்னால் இருந்த சுபாஷை விட்டுவிட்டு மிச்சத்தை ஒட்டி ஒரே பெயராக்கிவிட்டார்கள். வங்காளிகளிடம் சந்திரபோஸ் என்று ஒருவரைக் கூப்பிட்டால் விழிப்பார்கள். நமக்கோ அது நம் ஊர்ப் பெயர். 'மனிதன்' படத்துக்கு இசையமைத்தவர் சந்திரபோஸ். 2023இல் 'நாட்டு நாட்டு' பாட்டுக்கு கீரவாணியோடு ஆஸ்கர் வாங்கிய தெலுங்குக் கவிஞர் சந்திரபோஸ். அன்றைக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்துச் சொன்ன பழைய மாணவர்கள் பன்னிரண்டு பேர்!

பையன்களுக்கு நான் சொன்ன பதில் இதுதான். ஜெகதீஷ் சந்திரபோஸும் சுபாஷும் சொந்தக்காரர்கள் இல்லை. ஆனால் இன்னொரு போஸ் இருக்கிறார், சத்யேந்திரநாத் போஸ். அவருக்கும் ஜெகதீஷுக்கும் ரத்த உறவு இல்லாவிட்டாலும் வேறு உறவு உண்டு. ஒருவர் வாத்தியார், மற்றவர் மாணவர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஜெகதீஷ் இயற்பியல் பேராசிரியர், சத்யேந்திரநாத் அங்கே படித்தவர். சுபாஷும் அதே கல்லூரியில்தான் சேர்ந்தார். ஓட்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியரை மாணவர்கள் தாக்கிய விவகாரத்தில் 1916இல் வெளியேற்றப்பட்டார். இதைச் சொன்னால் பையன்கள் மற்ற எதையும் கேட்க மாட்டார்கள். "நேதாஜி வாத்தியாரை அடிச்சாரா சார்?" என்பதிலேயே நின்றுவிடுவார்கள். அடித்தாரா, பக்கத்தில் நின்று பார்த்தாரா என்பது தனிக்கதை என்று சொல்லி பாடத்துக்குத் திரும்புவேன்.

எனக்குப் பிடித்த போஸ் யார் என்று கேட்டால் சத்யேந்திரநாத் என்றுதான் சொல்வேன். என்னைப் போன்ற வாத்தியாருக்கு அவரைப் பிடிக்கக் காரணம் உண்டு. 1924இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். டாக்டர் பட்டம் கிடையாது. ஒளித்துகள்களைக் கணக்கிடும் ஒரு புது முறையைக் கட்டுரையாக எழுதி, முன்பின் தெரியாத ஐன்ஸ்டைனுக்கு அஞ்சலில் அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து அங்குள்ள இதழில் வெளியிடச் செய்தார். இன்றைக்கு உலகத்தில் உள்ள துகள்களில் ஒரு பெரிய வகைக்கே 'போசான்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் டிராக். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பரிசு வாங்கிய எத்தனையோ பேரின் பெயரை விட அவர் பெயர் அதிகம் உச்சரிக்கப்படுகிறது. இதெல்லாம் ஒருபுறம். விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் சொல்லித்தர முடியாது என்று சொல்பவர்களை எதிர்த்து 1948இல் வங்க மொழியில் அறிவியல் பரப்ப ஓர் அமைப்பையே தொடங்கி, பத்திரிகையும் நடத்தினார். தமிழ்வழி வகுப்பில் முப்பத்தைந்து வருடம் நின்றவனுக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

சரி, ஸ்பீக்கருக்கு வருகிறேன். அந்தக் கம்பெனியைத் தொடங்கியவரும் ஒரு போஸ்தான். அமர் போஸ். அவருடைய அப்பா வங்காளத்தில் வெள்ளைக்காரனை எதிர்த்துப் போராடி, போலீஸுக்குத் தப்பி 1920 வாக்கில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். அமர் பிலடெல்பியாவில் 1929இல் பிறந்தார். பையனாக இருந்தபோது வீட்டுச் செலவுக்கு ரேடியோ ரிப்பேர் பார்த்தார். பிறகு எம்.ஐ.டி.யில் படித்து, அங்கேயே நாற்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தினார். ஆக அவரும் வாத்தியார். 1956இல் காசு கொடுத்து வாங்கிய ஒரு ஸ்டீரியோ சரியாகப் பாடவில்லை என்ற எரிச்சலில் தொடங்கிய ஆராய்ச்சி, 1964இல் கம்பெனியாக ஆனது. 2011இல் கம்பெனியின் பெரும்பாலான பங்குகளைத் தான் படித்த எம்.ஐ.டி.க்கே எழுதிக்கொடுத்துவிட்டார்.

அவர் ஒரு பேட்டியில் சொன்ன விஷயம் என் மனதை விட்டுப் போகவில்லை. சின்ன வயதில் அப்பா அம்மாவோடு ஓட்டலுக்குப் போவார்களாம். தோல் நிறத்தைப் பார்த்து யாரும் பரிமாற வர மாட்டார்களாம். சாப்பிடாமலே எழுந்து வருவார்களாம்.

இதைப் படித்ததும் எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தார். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அவரால்தான்.

அப்பா பதின்மூன்று வயதில் இராமநாதபுரம் சீமையிலிருந்து தன் மாமாவோடு மலேயாவுக்குக் கப்பலேறியவர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். 1943இல் நேதாஜி சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்தைக் கையில் எடுத்தபோது தோட்டம் தோட்டமாகத் தமிழ்ப் பையன்கள் போய்ச் சேர்ந்தார்கள். பெண் பிள்ளைகளும் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். அப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. மலேயாவிலேயே ஒரு பயிற்சி முகாமில் இருந்தார். பர்மா எல்லைக்குப் போகவில்லை. துப்பாக்கி பழகினார், மூட்டை சுமந்தார், சண்டை முடிந்துவிட்டது. 1946இல் ஊர் திரும்பினார்.

நேதாஜியை ஒரே ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். "மூஞ்சி சரியாத் தெரியலப்பா, கண்ணாடி மட்டும் பளிச்சுனு தெரிஞ்சுச்சு" என்பார். அவர் இந்துஸ்தானியில் பேச, ஒருவர் தமிழில் எடுத்துச் சொன்னாராம். என்ன பேசினார் என்று கேட்டால் அப்பாவுக்குச் சொல்லத் தெரியாது. தியாகி பென்ஷனுக்கு மனுக் கொடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் சொன்னார்கள். "நான் ஒரு குண்டுகூடச் சுடலையே, எனக்கு எதுக்குப் பென்ஷன்?" என்று கடைசி வரை கொடுக்கவில்லை. எனக்கு அதில் அவர்மேல் வருத்தம் உண்டு. ஒரு பயிற்சிப் பள்ளி மாணவனுக்கு அந்தக் காசு எவ்வளவு உதவியிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

ஆனால் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். முகாமில் ஒரே சமையல், ஒரே பந்தி. இந்து, முஸ்லிம், சீக்கியர் எல்லோரும் ஒன்றாக உட்காரணும். "நம்ம ஊருல இருந்து வந்த ஒரு பெரிய வீட்டுப் பையன் எனக்குப் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டான்டா. அவன் சட்டியில இருந்து எனக்கு ஊத்துனான்." இதைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறும். ஊரில் அந்த வீட்டு வாசலைத் தாண்டி அப்பா போனதில்லை. ஊர் திரும்பிய பிறகும் போனதில்லை. 1960இல் நான் பிறந்ததும் சந்திரபோஸ் என்று பெயர் வைத்தார். வீட்டில் பெரியவர்கள் குலசாமி பெயர் வைக்கச் சொல்லிச் சண்டை போட்டார்களாம். அவர் கேட்கவில்லை.

இனி எழுதப்போவது நான் யாரிடமும் அதிகம் சொல்லாதது.

1983இல் எனக்கு முதல் பணி நியமனம். ஊர் பெயர் வேண்டாம். வாடகைக்கு வீடு தேடினேன். அந்தக் காலத்தில் வீடு கேட்டால் முதலில் பெயர், அடுத்து "எந்தப் பக்கம்?", அதற்கடுத்து நேராகவே கேட்டுவிடுவார்கள். ஒரு பெரியவர் வீட்டில் ஓடு வேய்ந்த ஒரு போர்ஷன் காலியாக இருந்தது. பெயர் கேட்டார். சொன்னேன். ஊர் கேட்டார். இராமநாதபுரம் பக்கம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"போஸா? பேரே சொல்லுதே தம்பி. நம்மாளுகதான்! சாவியை வாங்கிக்கங்க."

தென்மாவட்டக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நேதாஜி தொடங்கிய பார்வர்டு பிளாக் கட்சிக்கு எங்கள் பக்கம் முத்துராமலிங்கத் தேவர் தலைவராக இருந்தார். அதனால் போஸ் என்ற பெயரைக் கேட்டதுமே ஆள் இன்னார் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அந்தப் பெரியவரும் அப்படித்தான் போட்டார். நான் "இல்லைங்க ஐயா" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று நாளாக வீடு தேடி அலைந்திருந்தேன், பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்திருந்தேன். சாவியை வாங்கிக்கொண்டேன்.

ஏழு மாதம் அந்த வீட்டில் இருந்தேன். அந்த அம்மா தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தார். கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொள்ளச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் வாங்கும்போது வயிற்றில் ஒன்று பிசையும். ஆனாலும் வாங்கினேன்.

பொங்கல் முடிந்து அப்பா என்னைப் பார்க்க வந்தார். சாயங்காலம் திண்ணையில் அந்தப் பெரியவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். மலேயா கதை, மழை, விவசாயம். நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தேன். "உங்க பக்கம் எந்த வகையறா?" என்று பெரியவர் கேட்டது காதில் விழுந்தது. கை நின்றுவிட்டது. அப்பா ஒளிக்கவில்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னார். அதற்குப் பிறகு திண்ணையில் பேச்சே இல்லை.

மறுநாள் காலையில் பெரியவர் வாசலில் நின்றுகொண்டு, "ஓடு மாத்தணும் வாத்தியாரே, மாசக் கடைசியில காலி பண்ணிக்குடுங்க" என்றார். திரும்பிப் போகும்போது, "பேரை நம்பி ஏமாந்துட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். கோபமாகக்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

அப்பாவை பஸ் ஏற்றிவிடப் போனேன். வழியெல்லாம் பேசவில்லை. பஸ் வரும் நேரத்தில் கேட்டார்.

"அவரு ஆரம்பத்துல கேட்டப்பவே நீ இல்லைனு சொல்லலையா?"

"சொன்னா வீடு கெடைக்காதுப்பா."

"கெடைக்காமப் போகட்டும். இதுக்காடா ஒனக்கு இந்தப் பேரை வச்சேன்?"

பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார். அதைப் பற்றி அதற்கப்புறம் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. 1991இல் அவர் காலமானார்.

நான் எந்தச் சாதி என்று இங்கே எழுதவில்லை. கமெண்டில் யாரும் கேட்க வேண்டாம்.

1996 கோடை விடுமுறையில் நாங்கள் ஆசிரியர்கள் எட்டுப் பேர் கல்கத்தா போனோம். ஹவுரா மெயில், இரண்டு ராத்திரி. லாட்ஜில் பெயர் எழுதியதும் கவுண்டரில் இருந்த பையன் என்னைப் பார்த்துச் சிரித்து வங்காளியில் படபடவென்று பேச ஆரம்பித்துவிட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவனுக்கோ, போஸ் என்ற ஆளுக்கு வங்காளி தெரியவில்லை என்பது புரியவில்லை. எல்ஜின் ரோட்டில் நேதாஜி வீட்டுக்குப் போனோம். 1941 ஜனவரியில் வீட்டுக்காவலில் இருந்து ராத்திரியோடு ராத்திரியாக அவர் தப்பிப்போன காரை அங்கே வைத்திருக்கிறார்கள். அண்ணன் மகன் சிசிர் போஸ் ஓட்டிய கார். நான் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். அப்பாவைக் கூட்டி வந்திருக்கலாமே என்று தோன்றியது.

அங்கே ஒரு வயதான வங்காளி, அவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்தான், எங்களோடு பேசினார். என் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே தரம், அதனால் நன்றாகப் புரிந்தது. தமிழ்நாட்டில் ஒருவருக்கு போஸ் எப்படிப் பெயராகும் என்று ஆச்சரியப்பட்டார். பிறகு அவர்தான் சொன்னார். போஸ் என்பது வசு என்பதன் ஆங்கில உருவம், அவர்கள் வாயில் பொசு. முதலமைச்சர் ஜோதி பாசுவின் பாசுவும் அதேதான். போஸ், கோஷ், மித்ரா என்றால் காயஸ்த வகுப்பு, அதிலும் உயர்ந்த பிரிவு. பெயரைச் சொன்னாலே அங்கே தெரிந்துவிடும் என்றார். பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை, ஒரு தகவலாகச் சொன்னார்.

லாட்ஜுக்குத் திரும்பி டிராமில் வரும்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்தில் இருந்த நண்பர் என்ன சார் என்றார். ஒன்றுமில்லை என்றேன். ஒரே பந்தியில் சாப்பிட்ட நினைவுக்காக என் அப்பா தேடி எடுத்த பெயர், அது பிறந்த ஊரில் ஒரு சாதியின் அடையாளம். என் ஊரில் இன்னொரு சாதியின் அடையாளம். நடுவில் இரண்டிலும் சேராத நான் மட்டும் அதைச் சுமந்துகொண்டு டிராமில் போய்க்கொண்டிருந்தேன். அப்பா உயிரோடு இருந்திருந்தால் இதை அவரிடம் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிற்பாடு ஜெகதீஷ் சந்திரபோஸைப் பற்றிப் படித்தபோது கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. அவர் கல்லூரியில் வெள்ளைக்காரப் பேராசிரியர்களுக்கு ஒரு சம்பளம், இந்தியர்களுக்குக் குறைந்த சம்பளம். அதை எதிர்த்து மூன்று வருடம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தியவர். (நம் சங்கத்தில் ஒருநாள் சம்பளப் பிடித்தத்துக்கே நாங்கள் எத்தனை கூட்டம் போட்டோம்!) ஆனால் எனக்குப் பிடித்தது அவர் சின்ன வயதுக் கதை. அப்பா பெரிய அரசு அதிகாரி. ஆனாலும் மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாமல் உள்ளூர் வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தார். வகுப்பில் ஒருபக்கம் அப்பாவின் முஸ்லிம் ஊழியருடைய மகன், இன்னொரு பக்கம் மீனவர் மகன். அந்தப் பையன்களோடு வீட்டுக்கு வந்தால் அவருடைய அம்மா எல்லோருக்கும் வித்தியாசம் பாராமல் சோறு போடுவாராம். பழைய ஆசாரங்களில் ஊறிய அம்மாதான், ஆனாலும் போட்டாராம். ஜெகதீஷே பெரியவரான பிறகு ஒரு கூட்டத்தில் இதை நினைவுகூர்ந்து பேசியிருக்கிறார்.

இப்போது பேத்தியின் கதை. மகள் பாஸ்போர்ட் எடுத்தபோது சர்நேம் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அதை மாற்றவில்லை. குழந்தைக்கும் அதையே கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளை தங்கமானவர், ஒன்றும் சொல்லவில்லை. ஆக, குடும்பப் பெயராகப் பிறந்து எங்கள் வீட்டில் ஆள் பெயராக மாறிய போஸ், இரண்டு தலைமுறை கழித்து மறுபடி குடும்பப் பெயராகிவிட்டது. பெங்களூர் பள்ளியில் பேத்தியிடம் "நீ பெங்காலியா?" என்று கேட்கிறார்களாம்.

ஸ்பீக்கர் முன்னால் உட்காரவைத்து அவளுக்கு இந்தக் கதைகளில் பாதியைச் சொன்னேன். நேதாஜி, மரத்துக்கும் உணர்ச்சி உண்டு என்று காட்டியவர், ஐன்ஸ்டைனுக்குக் கடிதம் போட்டவர், ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவங்க எல்லாரும் நமக்குச் சொந்தமா தாத்தா?" என்றாள்.

"இல்லம்மா. யாரும் சொந்தமில்லை."

"அப்போ நமக்கு ஏன் அவங்க பேரு?"

"உங்க கொள்ளுத்தாத்தா மலேயாவுல ஒரு நாள் எல்லாரோடயும் சேர்ந்து உக்காந்து சாப்பிட்டாரு. அதுக்காக வச்சாரு."

கொஞ்சம் யோசித்தாள்.

"என்ன சாப்பாடு தாத்தா?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை தடவை அந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். அதை மட்டும் அப்பாவிடம் நான் கேட்கவே இல்லை.